ஓடும் ஆற்றில் மரம்… ஓடும் பெல்ட்டில் பார்சல்!

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், வடமேற்கு மூலையில், டெக்சாஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது ஷ்ரீவ்போர்ட். செம்மண் கலந்து ஓடுவதால் ஆற்றுக்கே ‘ரெட் ரிவர்’ என்று பெயர். இக்கரையில் ஷ்ரீவ்போர்ட், அக்கரையில் போஷியர் சிட்டி. இரண்டையும் இணைக்கும் பாலத்தில் இரவானால் வண்ண விளக்குகள் ஜொலிக்கும். இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும், அவசரமில்லாத ஊர்.

200 வருடங்களுக்கு முன்பு இந்த ஆற்றில் படகு விட முடியாது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் ஒன்றோடொன்று சிக்கி, 160 மைல் நீளத்துக்கு ஆற்றை அடைத்துக்கொண்டிருந்தன. ‘கிரேட் ராஃப்ட்’ என்பார்கள். அடைப்பின் மேலேயே செடிகொடிகள் முளைத்துக் கிடந்தன. 1833-ல் இதை அகற்ற வந்தவர் கேப்டன் ஹென்றி மில்லர் ஷ்ரீவ். இரண்டு படகு உடல்களைச் சேர்த்துக் கட்டி, நடுவில் இரும்பு போர்த்திய உத்தரம் பொருத்திய நீராவிப் படகு அவருடைய ஆயுதம். மரத்தை மோதி அசைக்கும், சங்கிலியால் மேலே இழுக்கும், அறுத்துத் தள்ளும். மக்கள் இந்த வகைப் படகுகளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘அங்கிள் சாமின் பல்பிடுங்கிகள்’.

1838-ல் பாதை திறந்தது. அதற்குள் கரையில் முளைத்திருந்த ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த கேடோ பழங்குடியினர், 1835-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நிலத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஊர் பிறந்த கதையில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் பக்கம் இது.

பிறகு பருத்தி வந்தது. 1911-ல் பக்கத்துக் கேடோ ஏரியில், தண்ணீருக்கு மேலேயே மேடை போட்டு எண்ணெய் எடுத்தார்கள். 1954 அக்டோபரில், 19 வயது எல்விஸ் பிரெஸ்லி இங்குள்ள முனிசிபல் ஆடிட்டோரியத்தில் ‘லூசியானா ஹேரைடு’ வானொலி நிகழ்ச்சிக்காகப் பாடினார். அந்த அரங்கம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை வந்தது. சிறிய டிரக்குகளும், பின்னாளில் ஹம்மர் வண்டிகளும் இங்கிருந்து உருண்டு போயின. 2012-ல் ஆலை மூடப்பட்டது. அப்பா வேலை பார்த்த இடத்தில் பிள்ளைக்கும் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த ஊருக்கு அது பெரிய அடி.

அந்த ஊரில்தான் 2024-ல் அமேசானின் புதிய கிடங்கு திறந்தது. ஐந்து தளங்கள், 30 லட்சம் சதுர அடிக்கும் மேல். அமெரிக்கர்களின் அளவுகோலில் 55 கால்பந்து மைதானங்கள். மூன்று கோடிப் பொருள்களுக்கு மேல் அடுக்கி வைக்கலாம். சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரும் ரோபோ, பெட்டிக்குள்ளிருந்து பொருளை எடுக்கும் ரோபோ, கட்டிய பார்சலைப் பிரிக்கும் ரோபோ என்று பல வகைகள்.

கார் தொழிற்சாலைகளிலும்தான் ரோபோ கைகள் பல வருடங்களாக வேலை செய்கின்றன. அங்கே பெரும்பாலும் அவற்றுக்குக் கண் தேவைப்படவில்லை. ஒரே கதவு, ஒரே இடம், ஒரே கோணம். கண்ணை மூடிக்கொண்டு பற்றவைக்கலாம். பார்சல் கிடங்கு அப்படியல்ல. ஒரு அட்டைப்பெட்டி, அதன்மேல் சாய்ந்தபடி பிளாஸ்டிக் உறை, அதற்கடியில் பாதி மறைந்த இன்னொரு உறை என்று குவியலாக, பெல்ட்டில் நகர்ந்து வரும். ஒரு குவியலைப்போல இன்னொன்று இருக்காது.

விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிகிறது. எதிரே வந்ததும் கைப்பிடியைப் பிடித்து, இரண்டடி கூடவே நடந்து, தூக்கிவிடுகிறார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ரோபோவுக்கோ ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம்.

முதல் பாடம், பிரித்துப் பார்ப்பது. மேலே இருக்கும் கேமரா படம் எடுக்கிறது. ஒரு பார்சல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கணினி கோடு கிழிக்க வேண்டும். கசங்கிய உறையின் மடிப்பு, ஓரம்போலத் தோன்றி ஏமாற்றும். பளபளப்பான உறையில் விளக்கு வெளிச்சம் பட்டு வெள்ளைத் திட்டாகிவிடும். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் மென்பொருள் தேறுகிறது. எதன்மேல் எதுவும் கிடக்கவில்லையோ, அதை முதலில் எடு என்பதையும் அப்படியே கற்கிறது.

இரண்டாவது பாடம், நேரம். படம் எடுத்து முடிவு செய்வதற்குள் ஐந்தில் ஒரு நொடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால், அதற்குள் பார்சல் 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கை போகும் இடத்தில் வெறும் பெல்ட்தான் இருக்கும். அதனால் பெல்ட் எவ்வளவு உருண்டது என்பதை ஒரு சின்னச் சக்கரம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. படத்தில் பார்த்த இடத்தோடு அந்தக் கணக்கைக் கூட்டினால், பார்சல் இப்போது எங்கே என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் அழகு. புறப்பட்ட பஸ்ஸில் தொற்றுகிறவர் பஸ்ஸோடு சில அடி ஓடுவதுபோல, கையும் பெல்ட்டின் வேகத்திலேயே பார்சலுக்கு மேலே நகர்கிறது. அந்தக் கணத்தில் கைக்குப் பார்சல் அசையாமல் இருப்பதாகவே அர்த்தம். உறிஞ்சுகுழல்கள் கவ்விக்கொள்ள, பார்சல் மேலே எழுகிறது. எல்லா இடத்திலும் இவ்வளவு தூரம் போவதில்லை. பெல்ட்டைக் கொஞ்சம் நிறுத்தி எடுப்பதும் உண்டு. ஆனால் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பின்னால் வரிசை நீளும்.

தவறுகளும் நடக்கும். ஒட்டிக்கொண்ட இரண்டு உறைகள் சேர்ந்தே கிளம்பிவிடும். உறையின் ஓரத்தில் காற்று புகுந்தால் பிடி நழுவும். பெல்ட்டில் சிக்கல் விழுந்தால் தீர்க்க மனிதர்தான் வரவேண்டும்.

எத்தனை மனிதர்கள் என்பதுதான் ஊரின் கேள்வி. முழுமையாக இயங்கும்போது 2,500 பேருக்கு வேலை என்றது அமேசான். பராமரிப்பு, பழுதுபார்ப்பு, பொறியியல் பணிகளில் வழக்கமான கிடங்கைவிட 30 சதவிகிதம் அதிகம் ஆட்கள் தேவை என்றும் சொன்னது. 2025 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி வேறு மாதிரி. நிறுவனத்தின் உள் ஆவணங்களின்படி, ரோபோக்கள் இல்லாவிட்டால் தேவைப்பட்டிருக்கும் ஆட்களைவிடக் கால் பங்கு குறைவானவர்களே ஷ்ரீவ்போர்ட்டில் வேலை செய்தார்கள் என்றது. அந்த ஆவணங்கள் முழுச் சித்திரம் அல்ல என்பது அமேசானின் பதில். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு முதல் கணக்கு, பார்சல் தூக்கிப் பிழைக்கலாம் என்று வருகிறவருக்கு இரண்டாவது.

ஷ்ரீவ்போர்ட் போகிறவர்கள் மார்ச், ஏப்ரலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோடை புழுங்கித் தள்ளும். டல்லாஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வசந்தத்தில் கிராஃபிஷ் கிடைக்கும். இறால் பிரியர்களுக்கு, மசாலா அடைத்துப் பொரிக்கும் ஊர் ஸ்பெஷல் உண்டு. கேடோ ஏரியில் தாடிபோலப் பாசி தொங்கும் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே படகில் போகலாம்.

இன்னும் ஒரு மணி நேரம் மேற்கே போனால் டெக்சாஸின் ஜெஃபர்சன். ஆறு அடைபட்டிருந்த காலத்தில் தண்ணீர் தேங்கி உயர்ந்ததால், அந்த உள்நாட்டு ஊருக்கும் நீராவிக் கப்பல்கள் வந்தன. பெரிய துறைமுகமாக இருந்தது. ஷ்ரீவுக்குப் பிறகு மறுபடி சேர்ந்த அடைப்பை, 1873-ல் நைட்ரோகிளிசரின் வைத்துத் தகர்த்தார்கள். நீர்மட்டம் இறங்கியது, கப்பல்கள் குறைந்தன. இப்போது அங்கே பழைய செங்கல் வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. கப்பல் வந்த ஓடையில், சுற்றுலாப் படகுகள் போய்வருகின்றன.