தட்டைச் சாலைக்கும் மலைக்கும் ஒரே சைக்கிள்

வார நாளில் அலுவலகம், ஞாயிறன்று கசௌலி. சண்டிகர்வாசிக்கு இரண்டும் ஒரே வண்டியில் முடியும். ஆனால் கடையில் பளபளப்பாக நிற்கும் வண்டி அதுவல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. சண்டிகரின் மத்ய மார்க்கில் இரண்டு வகை சைக்கிள்கள் போகின்றன. ஒன்று கறுப்பு நிற, கம்பி பிரேக் வைத்த பழைய வகை. கேரியரில் டிபன் டப்பாவும் கொத்தனார் கரண்டியும் இருக்கின்றன. மற்றொன்று கியர் சைக்கிள். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட், பார்வை பிஞ்ஜோர் பக்கம். முதலாமவர் வேலைக்குப் போகிறார், இரண்டாமவர் வேலையை மறக்கப் போகிறார். இரண்டு காரியத்துக்கும் ஒரே வண்டி தேடுபவர்தான் கடையில் திணறுகிறார்.

திணறலுக்குக் காரணம் ஊரின் அமைப்பு. லெ கொர்பூசியே 1950களில் வகுத்த நகரம் இது. ஒரு செக்டாரின் அளவு 1,200 மீட்டருக்கு 800 மீட்டர். வீட்டிலிருந்து அலுவலகம் பெரும்பாலும் சில செக்டார்கள்தான். பெரிய சாலைகளின் ஓரமாக சைக்கிளுக்குத் தனித் தடம் உண்டு, மர நிழலும் உண்டு. தரை ஏறக்குறைய தட்டை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர்.

ஆனால் வடகிழக்கே சிவாலிக் குன்றுகள் எழுகின்றன. காலகா ரயில் நிலையம் 656 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே கசௌலி, சுமார் 1,900 மீட்டர். ஏறத்தாழ 60 கி.மீ. பயணத்தில் ஒன்றரை கி.மீ. உயரம் ஏற வேண்டும்.

கறுப்பு சைக்கிள் இந்த ஏற்றத்தில் ஏன் தோற்கிறது என்பது எளிய கணக்கு. வழக்கமாக அதன் முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். தட்டைச் சாலைக்கு அது கச்சிதம். மலையில் சுமார் 20 கிலோ வண்டியை ஒரே மிதியில் அவ்வளவு தூரம் தள்ள யாராலும் முடியாது. முன்னால் 30 பற்கள், பின்னால் 34 என்றால் ஒரு மிதிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. மெதுவாகத்தான் போகும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. எனவே கடைக்காரர் "21 கியர் சார்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். மிகச் சிறிய கியர் எது என்று கேளுங்கள். பின் பல்சக்கரத்தில் பெரியதன் பற்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்த வலை, முன் ஃபோர்க்கில் இருக்கும் ஸ்பிரிங். விலை குறைந்த வண்டிகளில் அது எடையைக் கூட்டும். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கையும் விழுங்கும். தார்ச்சாலையில் போகிறவருக்கு அது தேவையே இல்லை. ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் 35 முதல் 40 மி.மீ. அகல டயரும் போதும். குழியின் அதிர்ச்சியை டயரே வாங்கிக்கொள்ளும். கடைக்காரர்கள் 'ஹைப்ரிட்' என்று அழைக்கும் ரகம் இதற்கு அருகில் வரும். மட்கார்டும் கேரியரும் பொருத்தத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜூலை மழையில் சட்டையின் முதுகில் சேற்றுக் கோடு விழும்.

வால்வையும் கவனியுங்கள். விலை உயர்ந்த வண்டிகளின் ட்யூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். சாலையோர பஞ்சர் கடையின் பம்ப் அதில் பொருந்தாது. விரல் நுனி அளவு அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

அளவைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இறங்கி நின்றால் மேல்கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். இந்த அளவுகள் சரியில்லாத சைக்கிளை எந்தத் தள்ளுபடிக்கும் வாங்காதீர்கள்.

இவ்வளவும் ஏறுவதற்கு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இறங்குவதில் இருக்கிறது. கசௌலியிலிருந்து காலகா வரை 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம், வளைவுக்கு வளைவு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மை ரப்பர் கட்டை பிடிப்பதற்குள் லாரி எதிரே வந்துவிடும். அலுமினிய ரிம் பரவாயில்லை, டிஸ்க் பிரேக் இன்னும் மேல். பட்ஜெட் இடித்தால் கியர் எண்ணிக்கையைக் குறையுங்கள், பிரேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சமவெளியிலும் ஆபத்து உண்டு. சைக்கிள் தடம் ரவுண்டானாவுக்கு வந்ததும் முடிந்துவிடுகிறது. அங்கே காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிள்காரர் தனி ஆள். டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் கண்ணுக்கே தெரியமாட்டார். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் வண்டியைக் கடையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. சில நூறு ரூபாயில் முடியும் காரியம் இது.

மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் லூதியானா. 1956 முதல் ஹீரோ சைக்கிள்கள் உருவாகும் ஊர். கொத்தனாரின் கறுப்பு சைக்கிளும் ஹெல்மெட்காரரின் கியர் சைக்கிளும் அங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் பிறந்தவையாக இருக்கலாம். ஞாயிறு மாலை இருவரும் ஒரே ரவுண்டானாவைக் கடந்துதான் வீடு திரும்ப வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு எரிவது பெரும்பாலும் ஒருவருக்குத்தான்.