ஏரிக்கரையில் ஐந்து குதிரைகள்

'குதிரை குணமறிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை' என்பது நம் நாட்டுப் பழமொழி. குதிரை என்றாலே திமிர் பிடித்த பிராணி. அதற்குக் கொம்பும் வாய்த்திருந்தால் உலகம் தாங்காது என்பது இதன் கருத்து. முன்னோர் மொழியைப் பழிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும், நாலைந்து குதிரைகளோடு நாலைந்து நாள்கள் பழகிப் பார்த்தவர் எவரும், 'குதிரைக் குணம்' என ஒரே குணம் இவ்வுலகில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வர். ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஐவரும் ஐந்து விதமாய் இருப்பது போலவே, ஒரே லாயத்தில் கட்டிய குதிரைகள் ஐந்தும் ஐந்து விதமாய் இருக்கின்றன.

இவ்வுண்மையை நேரில் காணும் வாய்ப்பு சென்ற மே மாதத்தில் நமக்குக் கிடைத்தது. நம் பங்கின் சிறுவர் சிறுமியர் 28 பேரை ஆறு நாள் கோடை முகாமுக்காகக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி என்று ஏற்பாடு. பிள்ளைகள் குதிரை ஏறினர். நாம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த கொடைக்கானலின் நெஞ்சம் அந்த ஏரியே. 1863ஆம் ஆண்டில் வேர் ஹென்றி லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் நீரோடைகளைத் தேக்கி உருவாக்கப்பட்டது அது. நட்சத்திரம் போல் பல கைகளை நீட்டிக் கிடக்கும் அந்நீர்ப்பரப்பைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளச் சாலை வளைந்து செல்கிறது. காலை ஏழு மணிக்குப் பனிமூட்டம் இன்னும் நீரின் மேல் படுத்திருக்கும். சாலையில் லாடத்தின் ஓசை முதலில் கேட்கும். சற்றுப் பொறுத்தே குதிரை கண்ணுக்குத் தென்படும்.

இம்மலைக்குக் குதிரை புதிதன்று. மோட்டார்ப் பாதை அமையுமுன், பெரியகுளத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் நடந்தோ, டோலியில் அமர்ந்தோ, மட்டக்குதிரையின் முதுகிலோதான் மேலே வந்தார்கள். பாரம் சுமந்து வந்த குதிரை, பாதை மாறியபின் பொழுதுபோக்குக்கு உரியதாயிற்று. ஆனால் குதிரைக்காரருக்கு அது இன்றும் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. "மூணு மாசம் சம்பாதிச்சு, பன்னிரண்டு மாசம் கொள்ளு வாங்கணும், சாமி" என்றார் நமக்கு வாய்த்த குதிரைக்காரர். அறுபதைக் கடந்தவர். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் ஊர் அடைபட்டு, பயணிகள் ஒருவரும் வராதிருந்த காலத்தில், வீட்டம்மாவின் தோட்டை அடகு வைத்துத் தவிடு வாங்கியதாகச் சொன்னார். அவரிடம் இருப்பவை ஐந்து குதிரைகள்.

முதலாவது, மகாராணி. நரைத்து வெளுத்த கிழப் பெட்டைக் குதிரை. மற்ற நான்கும் நீர் குடிக்கப் போவதானாலும், மரநிழலுக்கு ஒதுங்குவதானாலும், மகாராணி அடி எடுத்து வைத்த பின்னரே நகரும். மேலே அமர்ந்த குழந்தை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தால் அது நின்றுவிடும்; எத்தனை அதட்டினாலும் குழந்தை நிமிர்ந்து உட்காரும்வரை நகராது. 'மெத்தனக் குதிரை' என்று நம் சிறுவர் முதல் நாளில் அதற்குப் பெயரிட்டனர். மிகவும் பயந்த குழந்தையைக் குதிரைக்காரர் ஏற்றி அனுப்புவதோ எப்பொழுதும் அந்த மெத்தனக் குதிரையின் மேல்தான்.

இரண்டாவது, சுல்தான். செந்நிறம், பெரிய வயிறு. ஏரியை முழுவதும் சுற்றுவதற்கு ஒரு கூலி, பாதி வழி சென்று திரும்புவதற்கு ஒரு கூலி என்று உண்டல்லவா? பாதி வழிக்குரிய வளைவு வந்ததும், யார் சொல்லாமலும் சுல்தான் திரும்பி நிற்கும். முழுக் கூலி கொடுத்தவர் பாடு திண்டாட்டந்தான்! இதனைச் சோம்பல் என்பதா, கணக்கில் கெட்டித்தனம் என்பதா என்று நம்மால் முடிவு செய்ய இயலவில்லை.

மூன்றாவது, சிட்டு. சிறிய உருவம், இனிய சுபாவம். ஆனால் சுல்தான் கண்ணுக்கு மறைந்தால் போதும், அது திரும்பி வரும்வரை கனைத்துக் கனைத்து ஊரைக் கூட்டிவிடும். குதிரை கூட்டமாக வாழப் பிறந்த பிராணி. கூட்டத்திலும் தனக்கென ஒரு தோழமையைத் தேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றன் பிடரியை மற்றொன்று பல்லால் மெல்லக் கோதிக்கொண்டு நிற்கும் காட்சி, திண்ணையில் இரு மூதாட்டியர் பேன் பார்த்துக்கொள்வதை நமக்கு நினைவூட்டியது.

நான்காவது, மின்னல். நான்கு வயது இளங்குதிரை. பறக்கும் பிளாஸ்டிக் பை, பலூன், விரித்த குடை ஆகிய எதைக் கண்டாலும் துள்ளி விலகும். 'கோழை' என்றனர் பிள்ளைகள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறையத் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் அது காண்கிறது. ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் சிறிது இடம் அதன் பார்வைக்கு எட்டுவதில்லை. புல்வெளிகளில் வேட்டை விலங்குகளுக்கு இரையாகாமல் தப்பிப் பிழைத்த இனம் அது. முதலில் ஓடு, பிறகு சிந்தி என்பதே அதன் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. மின்னல் கோழையன்று; அனுபவம் போதாத குதிரை. மகாராணியின் பக்கத்தில் நடக்கவிட்டால் பலூனைக் கண்டும் காதை மட்டும் அசைத்துவிட்டு நடக்கிறது.

ஐந்தாவது, கறுப்பன். இதனைப் பற்றியே நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கறுப்பன் கடிக்கும். வயிற்று வாரை இழுத்துக் கட்டும்போது காதுகளைப் பின்னுக்கு மடித்து, பல்லைக் காட்டித் திரும்பும். ஏரிக்கரையில் அதற்கு 'முரடன்' என்றே பெயர். அதன் கழுத்தடியில் கெட்ட சுழி இருப்பதாகவும், அதனால்தான் இக்குணம் என்றும் பக்கத்துக் குதிரைக்காரர் ஒருவர் நமக்கு விளக்கினார். குதிரை வாங்குவோர் சுழி பார்ப்பது நம் நாட்டின் நெடுநாளைய வழக்கம். மயிர்ச் சுழி இன்ன இடத்தில் இருந்தால் எசமானுக்கு யோகம், இன்ன இடத்தில் இருந்தால் நாசம் என்று கணக்கு உண்டு. சுழி சுத்தமில்லாத குதிரைக்கு விலையும் குறைவு, மரியாதையும் குறைவு.

நம் முகாமில் சுழிக்காரன் ஒருவன் வேறு இருந்தான். பன்னிரண்டு வயது, உச்சந்தலையில் இரட்டைச் சுழி. பேருந்து புறப்படும் வேளையில் அவன் தந்தையார், அவன் காதுபட நம்மிடம், "இரட்டைச் சுழிக்காரன் சாமி, சரியான முரடன், நாலு போடு போடத் தயங்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பையன் முகத்தில் வருத்தமில்லை. பலமுறை கேட்டுப் பழகிய சொல்லைக் கேட்பவனின் அமைதியே அதில் இருந்தது.

முதல் நாளிலேயே இவன் கறுப்பனின் பின்புறமாக ஓடிவந்து கை தட்டினான். குதிரை வெருண்டு பின்காலைத் தூக்கியது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. குதிரைக்காரர் பையனை ஏசவில்லை. கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துவந்து, குதிரையின் தோளருகே, அது பார்க்கும்படியான இடத்தில் நிறுத்தினார். பிறகு வயிற்று வார் பதியும் இடத்தில் கறுப்பு மயிரை விலக்கிக் காட்டினார். இரண்டு விரல் அகலத்தில் அங்கே மயிர் வெள்ளையாய் முளைத்திருந்தது.

"பழைய புண்ணுப்பா. சேணம் சரியில்லாம, புண்ணு மேலயே வாரைக் கட்டி ஓட்டியிருக்காங்க. ஆறின இடத்துல மயிர் வெள்ளையா வந்திருக்கு. கடிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வலிச்சுதுன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல."

சுழி பிறப்பிலேயே அமைவது. அந்த வெள்ளை மயிரோ மனிதன் கையால் எழுதப்பட்டது. ஊர் சுழியைப் படித்தது. குதிரைக்காரர் வெள்ளை மயிரைப் படித்தார். அவர் கறுப்பனுக்கு வார் கட்டும் விதமே தனி. ஒரே இழுப்பில் இறுக்குவதில்லை. முதலில் தளர்வாய் மாட்டி, இரண்டு அடி நடத்தி, பேசிக்கொண்டே இன்னொரு துளை, மீண்டும் நடத்தி இன்னொரு துளை. சவாரி முடிந்ததும் அவ்விடத்தைத் தடவிப் பார்ப்பார்.

குதிரைகளை அறியாமல் குதிரைகளை ஆண்டதன் விளைவை நம் வரலாறும் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் அரபு நாடுகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்து ஏராளமான குதிரைகளைத் தருவித்ததையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் பெரும்பாலானவை மாண்டு போனதையும் எழுதிவைத்திருக்கிறார். பொன் இருந்தது, அறிதல் இல்லை.

நாம் குதிரையை அறிவது இருக்கட்டும். குதிரை நம்மை எவ்வளவு அறிகிறது என்பது வியப்பிற்குரியது. 1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் கணக்குகளைக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். அதன் எசமானர் வில்ஹெல்ம் பான் ஆஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏமாற்றுக்காரர் அல்லர். 1907ஆம் ஆண்டில் ஆஸ்கர் புங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் உண்மையைக் கண்டறிந்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்டவரின் உடம்பைப் படிக்கத் தெரியும். சரியான எண் வரும்போது கேட்டவர் தம்மையும் அறியாமல் தலையை மிக மிக நுட்பமாக அசைத்துவிடுவார்; அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். விடை அறியாதவர் கேட்டபோது ஹான்ஸ் விழித்தது. 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்கும் ஒரு படி மேலானது. ஒருவரின் கோப முகத்தையோ சிரித்த முகத்தையோ காலையில் படமாகக் காட்டி, சில மணி நேரம் கழித்து அதே ஆளை இயல்பான முகத்தோடு குதிரையின் முன் நிறுத்தினர். காலையில் கண்ட முகத்தை நினைவில் வைத்தே அவரிடம் குதிரை நடந்துகொண்டதாம்!

இவ்வாறு நம்மைப் படிக்கும் பிராணியை, 'முரடன்' என்று முடிவு கட்டிக்கொண்டு அணுகினால் என்ன ஆகும்? அணுகுபவரின் கை இறுகும், தோள் விறைக்கும், மூச்சு மாறும். குதிரை அதைப் படிக்கும், தானும் விறைக்கும். பார்த்தீர்களா, முரடன் என்றோமே, சரிதானே என்று நாம் மகிழ்ந்துகொள்வோம். பெயர் தனக்குத்தானே சாட்சி தேடிக்கொள்கிறது.

குணம் முழுவதும் வளர்ப்பில்தான் என்று சொல்லிவிடவும் நாம் துணியவில்லை. அச்சமும் ஆர்வமும் குதிரைக்குக் குதிரை பிறப்பிலேயே வேறுபடுகின்றன. குட்டியிலேயே அவ்வேறுபாடு தெரிகிறது. சிட்டுவை எவ்வளவு பழக்கினாலும் அது மகாராணி ஆகாது. ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் பிறவிக் குணம் எது, பட்ட காயம் எது என்று பிரித்தறியாதவர் இரண்டிற்கும் சாட்டையையே மருந்தாகக் கொள்கிறார்.

இரட்டைச் சுழிப் பையன் மறுநாள் முதல் கறுப்பனையே நாடினான். குதிரைக்காரர் வார் கட்டும் நேரத்தில் தோளருகே நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பது அவன் பொறுப்பாயிற்று. இதனால் கறுப்பன் சாதுவாகிவிட்டதென்று வாசகர்கள் எண்ணவேண்டா. ஆறாம் நாளும் காதை மடித்தது. பல்லையும் ஒருமுறை காட்டியது. பையன் கையை எடுக்கவில்லை. "வலிக்கப் போகுதுன்னு நினைக்குது, சாமி" என்று நமக்கு விளக்கம் சொன்னான். அவன் வாயிலிருந்து அத்தனை தாழ்ந்த குரலை நாம் அதற்குமுன் கேட்டதில்லை.

கறுப்பனின் நாளைய நிலை என்ன என்று குதிரைக்காரரிடம் வினவினோம். கடிக்கும் குதிரையை நம்பிக் குழந்தைகளை ஏற்ற முடியாது. ஆகவே வரும்படி குறைவு. தீனியோ மற்றவற்றிற்குச் சமம். விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறான். "பேர் கெட்ட குதிரைக்கு நல்ல கை வராது, சாமி. மலிவா வாங்கறவன் மலிவாத்தான் நடத்துவான். இந்த மழைக்காலம் வரைக்கும் வச்சிருக்கேன். அப்புறம் பார்க்கணும்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இந்தக் கோடையில் மலைக்குச் செல்லும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். குதிரை ஏறுமுன் அதன் பின்னால் நில்லாதீர். தோளருகே, அது காணும் இடத்தில் நில்லுங்கள். அதன் பெயரையும் பழக்கத்தையும் குதிரைக்காரரிடம் கேளுங்கள். சேணத்தின் கீழும் வாரின் கீழும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை குறைந்த கூலிக்கு அழைத்தாலும் ஏறாதீர்கள். பருத்த உடம்பினர் மட்டக்குதிரையின் முதுகை நாடாமல் ஏரியைச் சுற்றி நடப்பது இருவருக்கும் நலம்.

வீடு திரும்பிய பின் பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மூத்தவன் சோம்பேறி, இளையவள் பிடிவாதக்காரி, கடைக்குட்டி முரடன் என்று பிள்ளைகள் காதுபட நாம் வழங்கிவரும் பெயர்களை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எது பிறவிக் குணம், எது பயம், எது எப்போதோ பட்ட வலி என்று அந்தப் பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். விடை உடனே வராது. வாரைத் துளைத் துளையாய் இறுக்கிய அக்கிழவரின் பொறுமை வேண்டும்.