சுண்டுவிரல் தடிமனில் ஓர் உயிர்

சாமராஜநகர் மாவட்டம் போகாபுரா கிராமத்துக்கு அருகே 2023 ஜூன் 1 அன்று விமானப் படையின் கிரண் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த இருவரும் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பாராசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார்கள்.

வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் அப்படிப்பட்ட இருக்கை கிடையாது. எஞ்சின் நின்றுபோனால் விமானி கீழே ஒரு வெற்று வயலைத் தேடிச் சறுக்கி இறங்க வேண்டியதுதான். எஞ்சின் நிற்பதற்குப் பல சமயம் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பெட்ரோல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நமக்குப் புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானம் கட்டி 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மும்பையில் அமோல் யாதவ் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினார். 2017-இல் அதற்குப் பதிவு எண் கிடைத்தது. கேரளத்துக்காரரான அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் பெட்டிகளில் வந்த பாகங்களைக் கோத்து நான்கு பேர் விமானம் ஒன்றைச் செய்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். இப்படிப்பட்டவர்களிடம் எல்லோரும் இறக்கையைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும்தான் கேட்பார்கள். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் சுண்டுவிரல் தடிமன் குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சாமராஜநகரில் ஒருவர் விமானம் கட்டக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் அவருக்கு மூன்று குழாய்கள் கிடைக்கும். முதலாவது, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியும் என்பதால் ஆசை காட்டும். ஆனால் அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பசையைப் பெட்ரோல் உறிஞ்சிவிடும். சில மாதங்களில் டியூப் விறைத்து, மாட்டிய இடத்தில் பிடி தளரும்.

இரண்டாவது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் செம்புக் குழாய். வளைக்கச் சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் அதிர அதிரச் செம்பு இறுகிப்போகும். இறுகியது ஒரு நாள் கழுத்தில் விரிசல் விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. குழாயின் வாயைப் புனல் போல அகட்டி நட்டுக்குள் இறுக்கும்போது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் கருவி 45 டிகிரியில் அகட்டும். விமான நட்டுகளுக்கு 37 டிகிரி வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முழுப் பரப்பில் பதிய வேண்டிய வாய் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் பதிந்து, பின்னால் கசியும்.

மூன்றாவது, மோட்டார் சைக்கிளின் ரப்பர் குழாய். அதில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. நல்லதற்கும் ஆயுள் உண்டு. சிறு விமானங்களில் அதிகம் காணப்படும் ராடாக்ஸ் எஞ்சினைச் செய்பவர்கள், ரப்பர் குழாய்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் சரி.

விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் 5052 என்ற எண் கொண்ட மெதுவான அலுமினியக் குழாயைத் தேர்வு செய்கிறார்கள். எடை குறைவு, துருவும் ஏறாது. ஆனால் அதுவும் எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புத் தகடு வரைக்கும்தான். அலுமினியம் சுமார் 650 டிகிரியில் உருகிவிடும். பெட்ரோல் தீ அதைவிடச் சூடு. எனவே தகட்டுக்கு அப்பால் துருப்பிடிக்காத எஃகுக் குழாயோ, எஃகு வலை பின்னி மேலே தீயுறை போட்ட வளையும் குழாயோதான். எஞ்சின் குலுங்கும், உடல் குலுங்காது. அந்த வித்தியாசத்தை வளையும் குழாய் வாங்கிக்கொள்கிறது.

இத்தனையும் பார்த்து வாங்கிய பிறகு, உள்ளே ஓடும் திரவமே மாறினால்? 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பெங்களூரில் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-இல் அந்த அளவை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. சாமராஜநகர் கரும்பு விவசாயிக்கு இது நல்ல செய்தி. விமானம் கட்டுபவருக்கு அப்படியல்ல. ராடாக்ஸ் 912 எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட எத்தனால் 10 சதவீதம் மட்டுமே. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும்; சில வகைப் பிசின் டாங்குகளையும் கரைக்கும்; காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். எத்தனால் கலக்காத விமான பெட்ரோலை இந்தியன் ஆயில் 2022 முதல் வதோதராவில் தயாரிக்கிறது. ஆனால் அது தெருமுனைப் பங்க்கில் கிடைக்காது.

குழாய் எதனால் ஆனது என்பதைப் போலவே, எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். புகைபோக்கிக்கு அருகே போனால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்ப் ஆவியை இழுக்கும், எஞ்சின் தவிக்கும்.

வழியைப் பற்றிய ஒரு முடிவு, அதை எடுத்தவரைத் தவிர வேறொருவரின் உயிரையும் பறிக்கலாம். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியா கடலில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானம். அவர் அதை வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. கட்டியவர் பெட்ரோல் குழாய்கள் விமானியின் அறைக்குள் வரக் கூடாது என்று நினைத்து, டாங்க் மாற்றும் வால்வை வரைபடத்தில் இருந்தபடி கால்களுக்கு நடுவே வைக்காமல் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். நோக்கம் பாதுகாப்புதான். ஆனால் கைப்பிடியைத் திருப்ப விமானி உடலை முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பும்போது கால் அறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு சொன்னது. அந்தக் கைப்பிடியில் எந்தக் குறியும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சீட்டு கட்டுகிறார்கள். என்ன பொருள், எந்த மாதம் போட்டது, எப்போது மாற்ற வேண்டும். கட்டியவருக்கு இதெல்லாம் மனப்பாடம். அந்தச் சீட்டு, அந்த விமானத்தை அடுத்து வாங்கப்போகும், அவர் பெயரே தெரியாத ஒருவருக்காக.