சிவப்புக் கோடு கரண்டு ஒயரைப் பார்க்கணும்

சிவப்புக் கோடு கரண்டு ஒயரைப் பார்க்கணும். எட்டயபுரத்தில் நான் டிடிபி வேலை பழகிய கடையில் முதல் பாடம் இதுதான். டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு வந்தவனுக்குக் கீபோர்டைக் காட்டுவதற்கு முன்னால், சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார் அண்ணாச்சி. சாம்பல் நிறத்தில் பட்டைக் கேபிள், அதன் ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. கோடு இருக்கிற பக்கம்தான் முதல் பின். ஹார்ட் டிஸ்க்கானாலும் சிடி டிரைவானாலும் கேபிளைச் செருகும்போது சிவப்பு ஓரம் கரண்டு ஒயர் வருகிற பக்கமாக நிற்க வேண்டும். மாற்றிச் செருகினால் சிஸ்டம் எழும்பாது. பிளாப்பிக்கு அடையாளம் வேறு. கேபிள் தலைகீழாகக் கிடந்தால் சிஸ்டத்தை ஏற்றிய நேரம் முதல் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். “விளக்கு அணையலேன்னா கேபிளைப் பாரு. வேற எங்கயும் தேடாத” என்பார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. முன்பக்கம் எஸ்டிடி பூத்தும் ஜெராக்ஸும், தட்டி மறைப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர். மதுரை டவுன்ஹால் ரோட்டில் சாமான் வாங்கி அசெம்பிள் செய்தது. கரிசல் காட்டுத் தூசி ஆடிக் காற்றில் எந்த இடுக்கிலும் புகும். மாதம் ஒருமுறை சிபியுவைத் திண்ணைக்குத் தூக்கிவந்து பிரஷ்ஷால் தட்டினால் கறுப்பாக உதிரும். இந்த ஊருக்கும் இயந்திரத்துக்கும் ராசி இல்லை என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாரதியின் தகப்பனார் சின்னசாமி ஐயர் கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆசை கொண்டவர். இங்கே பஞ்சு அரைவை ஆலை வைத்து, அது நொடித்து, கையிலிருந்ததை இழந்து 1898-இல் மனம் உடைந்து போய்ச் சேர்ந்தார். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாக அண்ணாச்சி சொன்னபோது அவருடைய மாமனார் இந்தக் கதையைத்தான் எடுத்துப் போட்டாராம்.

பழுதைக் கண்டுபிடிக்க அண்ணாச்சியிடம் இருந்த பெரிய கருவி காது. பிளாப்பியைத் தள்ளியதும் ஒரு ‘டக்’, மோட்டார் சுற்றுகிற மெல்லிய ‘ஸ்ஸ்’, அப்புறம் ஹெட் நகர்கிற ‘கிர்க் கிர்க்’. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் சரக்கு நன்றாக இருக்கிறது. ‘கிர்க்’ ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தடத்தில் கோளாறு. ‘ஸ்ஸ்’ வரவே இல்லையென்றால் நடுவிலிருக்கும் உலோக வட்டு மோட்டாரில் உட்காரவில்லை, வெளியே எடுத்து, விரலால் லேசாகத் திருப்பி மறுபடி போட வேண்டும். திரையில் ‘அபார்ட், ரீட்ரை, ஃபெயில்’ என்று வருவதற்கு முன்பே அவர் எழுந்து வந்துவிடுவார். “தம்பி, ரீட்ரை அமுக்காத, ஹெட்டு தேயும்” என்று உள்ளே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சத்தம் கொடுப்பார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடிய ஊர், காது இல்லாமலா இருக்கும் என்று வருகிறவர்களிடம் பெருமையடிப்பதும் உண்டு. தீட்சிதரை இதில் இழுத்திருக்க வேண்டாம்தான்.

ஒரு பிளாப்பியின் கொள்ளளவை அவர் வாய்ப்பாடாகவே சொல்வார். ஒரு பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட், இரண்டு பக்கம். பெருக்கினால் 14,74,560. பெட்டியில் 1.44 எம்பி என்று போட்டிருக்கும். கோயில் கொடை நோட்டீஸுக்கு இது தாராளம். நாலு கலர் அட்டை வேலை வந்தால்தான் தொல்லை. கோரல் டிராவில் செய்த படம் ஒரு பிளாப்பிக்குள் அடங்காது. வின்ஜிப்பில் சுருக்கி, நாலைந்து பிளாப்பிகளாகப் பிரித்து, மேலே பால்பாயிண்ட் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, சிவகாசி ஆப்செட் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். கோவில்பட்டி, சாத்தூர், அப்புறம் சிவகாசி. பஸ்ஸில் ஸ்பீக்கர் பக்கத்து சீட்டில் உட்காரக்கூடாது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. போய்ச் சேர்ந்து மூன்றாவது பிளாப்பி படிக்கவில்லையென்றால் மற்ற நாலும் வீண்.

அப்படி ஒருமுறை அல்ல, தொடர்ந்து நடந்தது. இங்கே படிக்கிற பிளாப்பி அங்கே படிக்கவில்லை. புதுப் பெட்டி வாங்கியும் தீரவில்லை. பிரஸ்ஸில் எங்கள் பிளாப்பியைக் குறை சொன்னார்கள், நாங்கள் அவர்கள் டிரைவைக் குறை சொன்னோம். காரணம் எங்கள் டிரைவில்தான் இருந்தது. அதன் ஹெட் மயிரிழை அளவு விலகிப் போயிருந்தது. விலகிய இடத்திலேயே எழுதி, விலகிய இடத்திலேயே படித்ததால் அதற்குத் தன் குறை தெரியவில்லை. ஒழுங்காக நிற்கிற ஹெட் தேடுகிற இடத்தில் எழுத்தே கிடையாது. அண்ணாச்சி இதைப் புரிந்துகொண்ட அன்று செய்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. புது டிரைவ் வாங்கக் கையில் காசில்லை, தீபாவளி மலர் அட்டை மறுநாள் அச்சேற வேண்டும். நாலு திருகைக் கழற்றி, பிளாப்பி டிரைவையே உருவி எடுத்து, ஈரிழைத் துண்டில் சுற்றி, மஞ்சப்பைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார். “அவுக மெஷின்ல இதை மாட்டச் சொல்லு. எழுதினவனே படிக்கட்டும்.” பிரஸ்ஸில் சிரித்தார்கள். மாட்டினார்கள். படித்தது.

விண்டோஸ் 98 காலத்தில் இன்னொரு வேடிக்கை. சிடியிலிருந்து விண்டோஸ் ஏற்றவேண்டுமென்றால் முதலில் பிளாப்பியில் ஏற வேண்டும், அந்தப் பிளாப்பிதான் சிடி டிரைவை அடையாளம் காட்டும். அதுவும் நினைவகத்தில் ஒரு போலி டிரைவை உண்டாக்கி இடையில் உட்கார வைத்துவிடும். எனவே வழக்கமாக டி-யாக இருக்கிற சிடி டிரைவ் அன்றைக்கு மட்டும் இ ஆகிவிடும். டி என்று அடித்து, ஒன்றும் இல்லையே என்று சிடி டிரைவைக் கழற்றிப் பார்த்தவர்கள் கோவில்பட்டி வரைக்கும் இருந்தார்கள்.

சிடி உலகத்தில் விற்பனைக்கு வந்தது 1982-இல், ஜப்பானில். எங்கள் ஊர் பாரதி நூற்றாண்டு கொண்டாடிய வருஷம். எங்கள் கடைக்குச் சிடி டிரைவ் வர அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது, அதுவும் பிள்ளையாருக்காக. கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், குத்துவிளக்கு, மேளம் நாயனம், மாலை மாற்றும் ஜோடி எல்லாம் அடங்கிய படத் தொகுப்பு சிடியில்தான் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாது. வேண்டும்போது சிடியைப் போட்டு எடுத்துக்கொள்வோம்.

ஒரு தை மாதம். பெண்வீட்டார் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசகம் எல்லாம் அடித்தாயிற்று. பிள்ளையார் வரவில்லை. டிரைவ் ‘விர்ர்’ என்று வேகமெடுக்கும், நிற்கும், மறுபடி எடுக்கும், நிற்கும். ‘டிவைஸ் இஸ் நாட் ரெடி’ என்கிறது திரை. அண்ணாச்சி முதலில் சிடியை எடுத்துத் துடைத்தார். துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. வட்டமாகத் துடைக்கக்கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். தகவல் சுருளாக, உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டுதான் போகும், அதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ள சிடியில் ஏற்பாடு உண்டு. சுருளோடு சேர்ந்து நீளமாகக் கீறினால் மீட்க வழியில்லை. துடைத்துப் போட்டார். அதே ‘விர்ர்’. பட்டனை அமுக்கினால் தட்டு பாதி வெளியே வந்து, திட்டு வாங்கிய பிள்ளை நாக்கை இழுத்துக்கொள்வதுபோல உள்ளே போய்விட்டது.

“கல்யாணத்துல எதுவும் தடங்கல் வந்துருமோ?” என்று பெண்ணின் அத்தை கேட்டே விட்டார்கள். பிள்ளையார் வெளியே வரமாட்டேன் என்றால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? “அதெல்லாம் இல்ல மதினி, பெல்ட்டு தளர்ந்துபோச்சு” என்றார் அண்ணாச்சி. கரண்டை நிறுத்தி, முகப்பிலிருக்கும் ஊசித் துளையில் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினார். தட்டு வெளியே வந்தது. டிரைவைக் கழற்றிக் கவிழ்த்துத் தகட்டைத் திறந்தால், தட்டை இழுக்கிற சின்ன ரப்பர் வளையம் தொளதொளவென்று கிடக்கிறது. டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வாங்கிவரச் சொன்னார். ரப்பரை அதில் போட்டு எடுத்துத் துடைத்தால் கொஞ்சம் இறுகும், சில வாரத்துக்குத் தாங்கும். அது ஊறுகிற நேரத்தில் லென்ஸ். கடுகளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீலம் பாய்ந்த கண்ணாடிப் பொட்டு. மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. காது குடைகிற பட்ஸின் நுனியில் ஸ்பிரிட் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை தடவினார். பட்ஸ் கறுப்பாகிவிட்டது. எங்கள் கரிசல் மண் உள்ளே வரை போயிருக்கிறது. எல்லாம் பூட்டிப் போட்டதும் இந்தத் தடவை ‘விர்ர்’ நிற்காமல் ஒரே சீராக ஏறியது. பிள்ளையார் திரையில் வந்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

லென்ஸ் சுத்தமாக இருந்தும் படிக்காத டிரைவுகள் உண்டு. உள்ளே லேசர் களைத்துவிட்டது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத, 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி அது, எரிகிறதா அணைந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினால் லேசருக்குக் கூடுதல் கரண்டு போகும், செத்த டிரைவ் எழுந்து ஓடும். கோவில்பட்டியிலிருந்து வருகிற மெக்கானிக் ஒருவர் இதில் கைகாரர். அண்ணாச்சி அவரை அந்தத் திருகைத் தொட விடமாட்டார். எழுந்த டிரைவ் சில வாரத்தில் ஒரேயடியாகப் படுத்துவிடும், அதற்குள் மெக்கானிக் கூலி வாங்கிப் போயிருப்பார்.

எங்களுக்குப் புத்தக ஞானம் தந்தவை ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழும், தினமலரோடு திங்கட்கிழமை வந்த கம்ப்யூட்டர் மலரும். ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கையும் சிடி டிரைவையும் மாட்டினால் ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் என்று ஜம்பரில் வைக்கவேண்டும், இரண்டையும் மாஸ்டர் ஆக்கினால் சிஸ்டம் குழம்பிப்போய் ஒன்றையுமே காட்டாது போகலாம் என்பதெல்லாம் அப்படிப் படித்ததுதான். ஜம்பர் என்பது அரிசி அளவு பிளாஸ்டிக் மூடி. கீழே விழுந்தால் சிமெண்டுத் தரையில் தேடி எடுப்பது என் வேலை.

எக்ஸ்பி வந்த பிறகு ஒருநாள் சிடி டிரைவ் மை கம்ப்யூட்டரில் காணாமல் போனது. தட்டு வருகிறது, விளக்கு எரிகிறது, சத்தமும் சுத்தம். அண்ணாச்சி கேபிளை மாற்றினார், ஜம்பரைப் பார்த்தார், டிரைவையே வேறு சிஸ்டத்தில் மாட்டிப் பார்த்தார், அங்கே ஜோராக ஓடியது. சிடி எழுதுகிற சாஃப்ட்வேர் ஒன்றை நாங்கள் நீக்கியிருந்தோம். அது போகும்போது ரெஜிஸ்ட்ரியில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’ என்று இரண்டு வரிகளை விட்டுப் போயிருக்கிறது. இல்லாத சாஃப்ட்வேரைக் கேட்டுக்கொண்டு விண்டோஸ் டிரைவைத் திறக்க மறுக்கிறது. இரண்டையும் அழித்து சிஸ்டத்தை மறுபடி ஏற்றியதும் டிரைவ் வந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணாச்சி முகம் கோணிவிட்டது. ஸ்குரூ டிரைவரை டிராயரில் போட்டு மூடினார். சத்தமே இல்லாத கோளாறை அவர் அன்றுதான் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அந்த வகைதான். கடையின் முக்கிய நாற்காலி மெல்ல என் பக்கம் வந்தது அதனால்தான், என் திறமையால் அல்ல.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் 28 ரூபாய்க்குப் படச் சிடி விற்றது, பெட்டிக்கடையில்கூடத் தொங்கியது. பென் டிரைவ் வந்தது. 2011-இல் சோனி பிளாப்பி விற்பனையை நிறுத்தியது, அதே வருஷம் பள்ளிப் பிள்ளைகள் கையில் அரசு மடிக்கணினி வந்தது. அடுத்த வருஷத்து மின்வெட்டில் யுபிஎஸ் பேட்டரிகள் செத்தன, எங்கள் பழைய சிஸ்டமும் அதோடு போனது. 2024-இல்தான் ஜப்பான் அரசு தன் விதிகளிலிருந்து பிளாப்பியை நீக்கி முடித்தது என்று படித்தபோது, அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நம்மள விட மெதுவாத்தான் இருந்திருக்காக” என்று திருப்தியாகச் சொன்னார்.

கடையின் பரணில் ஒரு பிஸ்கட் டின் நிறைய பிளாப்பிகளும் சிடிகளும் உண்டு. டிசம்பர் 11 பாரதி விழாவுக்கு உள்ளூரில் போட்ட சிறு மலர்கள், ஊர்ப் பெரியவர்கள் பலர் எழுதிக் கொடுத்த கட்டுரைகள் அதில் கிடக்கின்றன. கைப்பிரதிகளை அப்போதே பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. போன வருஷம் யுஎஸ்பியில் மாட்டுகிற பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் அந்தப் பழைய ‘கிர்க்’கோடு நின்றுவிட்டன. படித்தவற்றைத் திறந்தால் தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்தவை. ‘பாரதி’ என்று அடித்த இடத்தில் ஜி, எச், யு, ஜே, பி என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. இதற்கு மாற்றிகள் உண்டு, மாற்றிவிட்டேன். எழுத்துரு இன்னதென்றே தெரியாத கோப்புகள்தான் அப்படியே கிடக்கின்றன. இதே ஊரில் 1904-இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சானது. கமகங்களுக்கென்று தனிக் குறிகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் எழுதி அதிலேயே சேர்த்து வைத்தார். நாங்கள் எந்தப் பிளாப்பியின் மேலும் எழுத்துருவின் பெயரை எழுதி வைக்கவில்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால், “கொடை நோட்டீஸுக்கு விளக்கவுரையா எழுதுவாக?” என்கிறார். அதுவும் சரிதான்.

இப்போது கடையில் ஆதார் பிரிண்ட், பட்டா, சிட்டா என்று மகன் பார்க்கிறார். அண்ணாச்சிக்கு ஓரமாக ஒரு ஸ்டூல், ஒரு பழைய சிஸ்டம், ஒரு டிராயர் நிறைய ரப்பர் வளையம். கல்யாண வீடியோ சிடியைக் கொண்டுவந்து பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லி மாதத்துக்கு ஓரிருவர் வருகிறார்கள். நான் போயிருந்த அன்றும் ஒருவர் வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்துத் துடைத்து, தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு, பேசாதீங்க என்று கையைக் காட்டினார். கேட்டு முடித்ததும் சொன்னார்: “ஓடும். நூறு ரூவா. ஓடலேன்னா டீக்கு மட்டும் குடுங்க.”