உள்ளது உள்ளபடி

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வைக்கும் வழக்கம் என் வயதுக்காரர்களிடையே இப்போது பரவியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஸ்கேன் செய்யும்போது காட்டும் கவனத்தைப் பலரும் அடுத்த படியில் காட்டுவதில்லை. எடிட்டிங் மென்பொருளில் ஒரு பக்கத்தைத் திறந்து அதற்குள் படத்தைக் கொண்டுவருகிறோமே, அந்த ஒரு நொடியில் படத்தின் பெரும்பகுதி போய்விடலாம். திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்கள் பள்ளி வகுப்பின் குழுப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1966இல் எடுத்தது. 21 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். மூன்று வரிசையில் முப்பத்தொரு பையன்கள், நடுவில் ஆசிரியர். எங்களில் பலர் இன்று இல்லை. மிஞ்சியவர்கள் சேர்ந்து ஒரு ஆல்பம் போட நினைத்தோம். நான் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து கொடுத்தேன். அகலத்தில் 4961 புள்ளி, உயரத்தில் 3543. மொத்தம் ஒன்றே முக்கால் கோடிப் புள்ளிகள்.

ஆல்பம் அச்சாகி வந்தது. அட்டை, தாள் எல்லாம் நேர்த்தி. மறைந்துபோன எங்கள் தோழன் ஒருவனின் மனைவிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தோம். கல்யாணத்துக்கு முந்தைய படம் ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணா, இதில் அவர் எங்கே இருக்கிறார்?” இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவது என்றேன். “அங்கே ஒரு முகம் இருக்கிறது. அவர் முகமா என்று தெரியவில்லையே” என்றார்.

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முகங்கள் இருந்தன, ஆட்கள் இல்லை.

மறுநாள் அச்சகத்துக்குப் போய் அந்தத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விஷயம் விளங்கியது. ஆல்பத்தின் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் அமைத்திருந்தார்கள். அப்படியென்றால் பக்கத்தின் அகலம் வெறும் 595 புள்ளி. அதற்குள் என் படத்தை இழுத்துப் போட்டதும், மென்பொருள் பக்கத்துக்கு அடங்கும்படி சுருக்கிக்கொண்டது. அப்படியே அடுக்குகளை ஒன்றாக்கிச் சேமித்துவிட்டார்கள். 236 புள்ளி அகலம் இருந்த ஒரு முகம் 28 புள்ளி ஆயிற்று. ஒட்டுமொத்தப் படத்தில் மிஞ்சியது எழுபதில் ஒரு பங்கு. பிறகு அச்சுக்காக 300 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். தொலைந்த புள்ளிகள் அதனால் திரும்பி வருமா? அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து இட்டு நிரப்பும், அவ்வளவுதான்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சில் ‘கொப்பி கொன்ஃபோர்ம்’ என்பார்கள், மூலத்துக்கு ஒத்த நகல். மூலத்தில் பெயர் தப்பாக இருந்தால் நகலிலும் தப்பாகவே இருக்க வேண்டும். திருத்தும் அதிகாரம் நகல் எழுதுபவனுக்குக் கிடையாது. மென்பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கேட்காமலே உதவி செய்கிறது. அதை நாம்தான் நிறுத்தி வைக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ப்ரெஃபரன்ஸஸ் பகுதியில் ஜெனரல் என்பதைத் திறந்தால் ‘ரீசைஸ் இமேஜ் டியூரிங் ப்ளேஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால் படம் சுருங்காமல் வந்து உட்காரும். காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப்பில் ‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ வழியாகத் திறந்தால் போதும், மூலத்தின் புள்ளிகள் அப்படியே இருக்கும். படம் பக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம், பக்கத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். வேர்டில் ஆல்பம் செய்பவர்கள் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், சேமிக்கும்போது படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தில் குறி போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் என் வீட்டுப் பிள்ளைகளே கேட்பதில்லை!

அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி செய்தோம். பக்கத்தை 600 புள்ளிக் கணக்கில் அமைத்ததும் அகலம் 4961 ஆயிற்று. ஏ4 தாளும் 21 செ.மீ. தானே! படம் ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் பொருந்தியது. தம்பி சிரித்துக்கொண்டே இனி எல்லா ஆல்பத்துக்கும் முதலில் அளவைப் பார்ப்பதாகச் சொன்னான்.

தோழனின் மனைவிக்கு அவன் தலையும் தோளும் மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன். 425க்கு 545 புள்ளி வந்தது. சுவரில் மாட்டும்படி பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அங்குலத்துக்கு 300 வீதம் அச்சடித்தால் பாஸ்போர்ட் அளவுக்குத்தான் தாங்கும், அதற்கு மேல் இழுத்தால் மறுபடியும் முகம் கலங்கிவிடும் என்றேன். “சின்னதாகவே இருக்கட்டும் அண்ணா” என்றார். இப்போது அது அவருடைய மணிபர்ஸில் இருக்கிறது. படிய வாரிய தலை, இடது காது கொஞ்சம் விறைத்து நிற்கும். பேரனுக்கும் அதே காதாம்.