நெரிசலில் நினைவுக்கு வந்த பழைய பாக்கி



நேற்று சாயங்காலம் பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டி வரும்போது நாகல் நகர் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டோம். ஒரு பஸ் உள்ளே மூக்கை நுழைத்துவிட்டது. வெளியே போகவேண்டிய லாரிக்கு அது மறிப்பு; அந்த லாரிதான் பஸ்ஸுக்கு மறிப்பு. இடுக்கிலெல்லாம் ஷேர் ஆட்டோ. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றேன்.

"தாத்தா, இதை டிராஃபிக் ஜாம்னு எழுதணுமா, கிரிட்லாக்னு எழுதணுமா?"

ரிட்டயர்டு ஆகி எட்டு வருஷமானாலும் இப்படி ஒரு கேள்வி வந்தால் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. ஜாம் என்றால் வெறும் நெரிசல்; முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நாமும் நகரலாம். கிரிட்லாக் வேறு. நியூயார்க்கில் தெருக்கள் கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். 1980 ஏப்ரலில் அங்கே பஸ், சுரங்க ரயில் ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பரவிய சொல் அது. சாம் ஸ்வார்ட்ஸ் என்ற போக்குவரத்துப் பொறியாளர் பிரபலமாக்கினார். கிழக்கே போகிறவன் தெற்கே போகிறவனை மறிக்க, அவன் மேற்கே போகிறவனை மறிக்க, கடைசி ஆள் முதல் ஆளையே மறித்து நிற்பான். யாரும் தனியாக நகர முடியாது. பிறகு வாஷிங்டன் அரசியலுக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது.

"அப்ப இது கிரிட்லாக்தான்" என்றாள். சரிதான்.

லாக்ஜாம் என்பது அமெரிக்க ஆறுகளில் மிதக்கவிட்ட மரங்கள் ஒன்றோடொன்று சிக்கி நிற்பது. எந்த மரத்தை உருவினால் மற்றவை நகரும் என்று பார்த்து உருவுவார்கள். நம் முட்டுக்கட்டையும் கட்டைதான். ஆனால் அது தானாகச் சிக்குவதில்லை, ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார். செய்தித்தாளில் 'முட்டுக்கட்டை' என்று பார்த்தால் வைத்தது யார் என்றுதான் முதலில் தேடுவேன். 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூரில் இருந்த நாட்களுக்கு 'இழுபறி' பொருத்தம், கயிறு இரண்டு பக்கமும் இழுபட்டது. அடுத்த மாதம் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை 'முடக்கியது'. 1973 இடைத்தேர்தலில் மாயத்தேவர் அந்தச் சின்னத்தில் ஜெயித்தது நம்ம திண்டுக்கல்லில்தான். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அந்தச் செய்தியைப் படித்தபோது ஏதோ எங்கள் தெருவையே மூடிவிட்ட மாதிரி இருந்தது. (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.)

சொல்ல வந்தது வேறு. அங்கே நின்றபோது ஸ்டேல்மேட் என்ற சொல்லும் கூடவே வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம், பத்தாம் வகுப்பு. இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன் கை தூக்கி, "பழைய கூட்டாளி சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த வருஷம் முழுக்க அவனை 'பழைய கூட்டாளி' என்றே கூப்பிட்டேன். அவன் அப்புறம் கை தூக்கவே இல்லை. பரீட்சை முடிந்தபிறகு அவனை நான் பார்க்கவும் இல்லை.

"ஊசிப்போன சோறு மாதிரி, ஊசிப்போன ஆட்டம்" என்று அன்று நான் விளக்கினேன். ஓய்வுக்குப் பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த 'ஸ்டேல்' அசையாமல் நிற்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். 'மேட்' பாரசீகத்திலிருந்து சதுரங்கத்தோடு வந்தது. நானும் அவனைப் போல ஒலியைக் கேட்டு ஊகித்தவன்தான். என்னைப் பார்த்துச் சிரிக்க வகுப்பில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு காவலர் வந்து லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். வழி பிறந்தது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். அந்தப் பட்டப்பெயருக்காக மன்னிப்புக் கேட்கிறேன். அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் வா, காபி சாப்பிடலாம். ரவுண்டானா வழியாக மட்டும் வராதே.