ஏலமலையில் வழி தேடினோம்

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது நம் முன்னோர் வாக்கு. முன்பெல்லாம் ஊர் தெரியாத இடத்தில் வண்டியை நிறுத்தி, தேநீர்க் கடையில் நிற்பவரிடம் நாலு வார்த்தை பேசி வழி தெரிந்துகொண்டு போவோம். இன்று வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. வண்டியின் முகப்பில் ஒரு கருவி அமர்ந்துகொண்டு, ‘இடப்பக்கம் திரும்பவும்’, ‘நேரே செல்லவும்’ என்று பேசுகிறது. அந்தக் கருவியை நம்பி எங்கள் குடும்பம் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலை ஏறிய கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆயினும், பயணம் புறப்படும் குடும்பங்களுக்குச் சிறிது பயன் உண்டு என்று நம்புகிறோம்.

எங்கள் தாயாருக்கு வயது 81. அவருடைய தந்தை பூப்பாறைக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பத்து வயது வரை தாம் வளர்ந்த அந்த வீட்டை, கண்ணை மூடுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே அவர் சொல்லிவந்தார். ஆனால் இடுப்பு நோயினால் அவரால் நெடுநேரம் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது. ஆகவே, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சிறு அடுப்பு எல்லாம் உள்ள ஒரு வேனை ஓட்டுநருடன் மதுரையில் வாடகைக்கு அமர்த்தினோம். மேல்நாடுகளில் குடும்பங்கள் இத்தகைய வண்டியில் வாரக்கணக்கில் ஊர் சுற்றுகின்றன. நம் நாட்டில் சினிமாக்காரர்களின் ‘கேரவன்’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். எங்களுடையது அதன் ஏழைத் தம்பி.

வெளிநாட்டில் வாழும் எங்கள் மூத்த மகன், “வழிகாட்டும் கருவி இல்லாமல் மலை ஏறாதீர்கள்” என்று தொலைபேசியில் வற்புறுத்தினான். அங்கே இத்தகைய வண்டிகளுக்கென்றே தனிக் கருவிகள் உண்டாம். வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றை அதில் பதிந்துவிட்டால், தாழ்ந்த பாலத்தையும் ஒடுங்கிய தெருவையும் தவிர்த்து வழி சொல்லுமாம். நாங்களும் விசாரித்தோம். கைப்பேசியில் உள்ள வரைபடம் செலவில்லாதது. புதிய சாலைகள் அதில் விரைவில் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் கோபுரத் தொடர்பு அறுந்தால், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளாத வரைபடம் வெறும் திரையாகிவிடும். தனிக் கருவியிலோ வரைபடம் உள்ளேயே இருக்கிறது; திரையும் பெரிது; வெயிலில் கைப்பேசி சூடேறி அணைந்துபோகும் தொல்லையும் குறைவு. எனவே தனிக் கருவி ஒன்றை வாங்கினோம். வண்டியின் உயர அகலங்களை நாடாவால் அளந்து பதிந்தோம். அத்துடன் பெரிய காரியம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

போடிநாயக்கனூர் வரை எல்லாம் சுகமாகவே நடந்தது. ஊரைத் தாண்டி, முந்தலில் மலையடிவாரம் தொடங்குகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 4,000 அடிக்கு மேலுள்ள போடிமெட்டைச் சேர்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் விடியற்காலையிலேயே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வளைவுகளில் எங்கள் கருவி தடுமாறியது. நாங்கள் ஒரு வளைவில் இருக்க, எங்களை அதற்கு மேலுள்ள வளைவில் காட்டியது; பிறகு கீழே இறக்கியது. மேலும் கீழுமாக மடிந்து கிடக்கும் சாலையில் சில மீட்டர் பிழை நேர்ந்தாலும் ஒரு படி மாறிவிடும் அல்லவா? அதைக் கண்டு சிரித்தோமே தவிர, அது ஓர் எச்சரிக்கை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

போடிமெட்டில் தேநீர் அருந்திவிட்டுப் பூப்பாறையை அடைந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. தாயார் சொன்ன தோட்டத்தின் பெயர் கருவியில் இல்லை. அவர் சொன்ன ஓடையையும் குன்றையும் வைத்து, ஏறத்தாழ ஓர் இடத்தைத் திரையில் குறித்தோம். கருவி இரண்டு வழிகள் காட்டியது. ஒன்று தார்ச்சாலை வழியே 14 கிலோமீட்டர். மற்றது தோட்டங்களுக்கு ஊடே 6 கிலோமீட்டர். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர், உசிலம்பட்டிப் பக்கம். “ஐயா, சுத்துனாலும் பரவாயில்ல, தார் ரோட்டுலயே போயிருவோம். இது ஜீப்புப் போற தடம் மாதிரி இருக்கு. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்” என்றார்.

“தம்பி, அது வானத்திலிருந்து பார்த்துச் சொல்கிறது. அதற்குத் தெரியாதது நமக்கென்ன தெரியப்போகிறது?” என்றோம். எங்களில் அதைச் சொன்னவர் யார் என்பது இப்போது முக்கியமன்று. இருவர் மனத்திலும் அதே எண்ணந்தான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவர்கள் நாங்கள். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை, வண்டியைத் திருப்பினார்.

இரண்டு கிலோமீட்டர் வரை பாதை இருந்தது. பிறகு தார் போயிற்று. அப்புறம் கற்களும் போயின. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஏலச்செடிகள் அடர்ந்த சரிவு. முந்தின நாள் மழையில் நனைந்த மண்ணில் பின் சக்கரம் சுழன்றது. வண்டி சரிவின் பக்கமாக அரை அடி நகர்ந்தது. படுத்திருந்த தாயார், “என்னப்பா, வந்தாச்சா?” என்று கேட்டார். எங்களுக்கு நா எழவில்லை. மஞ்சு இறங்கத் தொடங்கியது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. சின்னக்கானல் யானைகள் நடமாடும் பகுதி அருகில்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கருவி மட்டும் கலக்கமின்றி, ‘நேரே செல்லவும்’ என்றது.

நல்ல வேளையாக, வேலை முடிந்து போடிக்குத் திரும்பும் ஜீப்பு ஒன்று எதிரே வந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். எங்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. கற்களைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் அண்டை கொடுத்தார்கள். ஜீப்பு ஓட்டுநர் பின்னால் நின்று கையசைக்க, எங்கள் இளைஞர் அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு வியர்த்த வியர்வையைச் சொல்லி முடியாது. வண்டி தார்ச்சாலை ஏறியதும், அவர்களுள் மூத்த பெண் எங்கள் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். தாயார் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். “அந்தப் பேரு இப்ப இல்ல ஆத்தா. நாலு கை மாறிப்போச்சு. எங்க அம்மா அங்கதான் காய் எடுத்துச்சு. இந்த ரோட்டுலயே போனா ஒரு குருசடி வரும். அதத் தாண்டி பழைய ஸ்டோரு. அங்க கேளுங்க” என்றார். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை அப்பகுதியில் ‘ஸ்டோர்’ என்பார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர் அவர் நாவில் இருந்தது.

அன்றிரவு ஒரு பெட்ரோல் நிலையத்தில் அனுமதி பெற்று, வண்டியிலேயே தங்கினோம். உறக்கம் வரவில்லை. ‘வானத்திலிருந்து பார்த்துச் சொல்கிறது’ என்றோமே, அது உண்மையா என்று யோசித்தோம். உண்மையன்று. ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அவை நம்மைப் பார்ப்பதில்லை, சாலையையும் பார்ப்பதில்லை. தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே. குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் எத்தனை தொலைவில் உள்ளது என்று கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தொலைவில் 300 மீட்டர் பிசகிவிடும். திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும் இக்கருவிக்கு, மலைச்சுவரும் அடர்ந்த மரங்களும் அக்குரலை மறைத்துவிடுகின்றன.

இடத்தைச் சொல்வது கோள். பாதையைச் சொல்வதோ வரைபடம். அதை வரைந்தவர்கள் மனிதர்கள். 1802ஆம் ஆண்டில் சென்னைப் பறங்கிமலை அருகே லாம்டன் என்ற அதிகாரி, இந்திய நாட்டை அளக்கும் பெரும் பணிக்கென 7.5 மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அன்று காலால் நடந்து வரைந்தார்கள். இன்று மேலிருந்து எடுத்த படங்களையும் வைத்து வரைகிறார்கள். ஆனால் ஏலம் நிழலில் வளரும் பயிர். உயர்ந்த மரங்கள் கூரை வேய்ந்தாற்போல் மூடியிருக்கும் தோட்டத்தில், கீழே கிடப்பது தார்ச்சாலையா, ஜீப்புத் தடமா என்று மேலிருந்து பார்த்து எப்படித் தெரியும்? எங்கள் வண்டியின் அகலத்தைக் கருவிக்குச் சொன்னோம். அந்தத் தடத்தின் அகலத்தை அதற்குச் சொன்னவர் யாருமில்லை.

இக்கருவியை நாங்கள் குறை கூறவில்லை. 1983 செப்டம்பர் முதல் தேதி, வழி தவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்த தென்கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, அமெரிக்க இராணுவத்துக்கென அமைந்த இவ்வசதி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையும் நீக்கப்பட்டது. நம் நாடும் 2013 முதல் தனக்கெனத் துணைக்கோள்களை ஏவியது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் யானையின் கழுத்திலும் துணைக்கோள் வழியே இருப்பிடம் அறியும் பட்டையைக் கட்டித்தான் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஆயினும் மே மாத இறுதியில் அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதை நாடே பார்த்தது. யானை நிற்கும் இடத்தைப் பட்டை சொல்லும். அதன் மனத்தில் உள்ளதைச் சொல்லாது. எங்கள் கருவியும் அப்படித்தான். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று சொன்னது; அங்கே நிற்கத் தகுமா என்று சொல்லவில்லை.

எனவே, பயணம் புறப்படும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். எந்தக் கருவியை வாங்கினாலும், தொடர்பு இல்லாதபோதும் இயங்கும்படி வரைபடம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியிலும் அவ்வாறே இறக்கி வையுங்கள். வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டு, வீட்டருகே நன்கு தெரிந்த பாதையில் இரண்டு நாள் ஓடிப் பழகுங்கள்; அதன் குணம் விளங்கிவிடும். ‘குறுகிய வழி’ என்பதை விலக்கி, மண்பாதையைத் தவிர்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மலையில் அது சொல்லும் நேரத்தை நம்பாமல், இருட்டுமுன் சேரும்படி புறப்படுங்கள். குரங்கணியும் டாப் ஸ்டேஷனும் படத்தில் அடுத்தடுத்து இருக்கும். இடையே இருப்பது மலையேறுவோரின் நடைபாதை. வண்டியில் செல்வோர் போடிமெட்டு, மூணாறு என்று சுற்றித்தான் போக வேண்டும். வழி பார்ப்பதற்குக் கைப்பேசியைப் பயன்படுத்த 2020ஆம் ஆண்டின் விதித் திருத்தம் இடம் தருகிறது. ஆனால் ஓட்டுபவரின் கவனம் சிதறலாகாது. அருகில் அமர்ந்திருப்பவரே அதை இயக்குவது நல்லது. நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளப் பழகுங்கள். ஆபத்தில் உதவி கேட்கும்போது அந்த எண்கள் கைகொடுக்கும். பிரதான சாலையை விட்டு விலகுமுன், அந்த வழியே தினமும் போய்வரும் ஒருவரிடம், வண்டியைக் காட்டி, “இது போகுமா?” என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுபவரின் சொல்லைக் கேளுங்கள். மறுநாள் காலை அந்த இளைஞரிடம், “தம்பி, நேற்று நீ சொன்னதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். தவறு எங்களுடையது” என்றோம். அவர் கூச்சத்துடன், “விடுங்கய்யா, பாட்டிக்கு ஒண்ணும் ஆகலல்ல” என்றார். அதற்குப் பின் கருவி பேசியபோதெல்லாம், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவரைக் கேட்டுக்கொண்டே போனோம்.

குருசடியைத் தாண்டி, பழைய ஸ்டோரில் விசாரித்து, அந்த இடத்தை அடைந்தோம். வீடு இல்லை. நான்கு கற்படிகளும் ஒரு பலா மரமும் மட்டும் இருந்தன. தாயார் படியில் அமர்ந்து, கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி கழித்து, “போகலாம்பா” என்றார். இறங்கும் வழியில் வேலைக்குச் செல்லும் ஜீப்பு ஒன்று எதிர்ப்பட்டது. அதே பெண்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் தாயார் சன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். உள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு கைகள் பதிலுக்கு ஆடின.